பட்ட மரத்து வாடகை

ஒரு காட்டில் புல்லை விட வேகமாக மனை விலை வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் காட்டில் நாச்சிமுத்து என்று ஓர் ஆமை இருந்தார். முயல் முதல் முள்ளம்பன்றி வரை எல்லோரும் அட்வான்ஸ், வாடகை, வீட்டுக்காரன் பிடுங்கல் என்று புலம்பிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். பிறக்கும்போதே ஓட்டு வீட்டோடு பிறந்தவர். அந்த வீடு ஒழுகியதில்லை, அடமானத்துக்குப் போனதில்லை, அதில் பங்காளித் தகராறும் வந்ததில்லை. மனைவி வள்ளாத்தாளுக்கும் தனியாக ஓர் ஓட்டு வீடு உண்டு. இருவருக்கும் பொதுவாக ஒரு குட்டை. சுற்றிலும் கோரைப்புல், மேலே மர நிழல், காலையில் ஒரு முழுக்கு, மாலையில் ஒரு முழுக்கு. இப்படியே நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சேமிப்பாகக் கொஞ்சம் புளியங்கொட்டையும் இருந்தது. அந்தக் காட்டில் புளியங்கொட்டைதான் பணம்.

காட்டிலேயே வீடு தேவைப்படாத ஜீவன் அவர் ஒருவர்தான். ஆகவே வீடு வாங்கிப்போடும் ஆசையும் அவருக்குத்தான் வந்தது.

ஆசையைக் கிளப்பிவிட்டவன் கொம்பையன் என்ற காட்டுப்பன்றி. ஓடைக்கு அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேங்கை மரம் இருந்தது. மரம் என்று சொல்வது மரியாதைக்கு. என்றைக்கோ பட்டுப்போய், கிளை முறிந்து, பட்டை கழன்று, உடம்பெல்லாம் பொந்தாக நின்றது. பொந்துக்கு ஒரு குடித்தனம். கொம்பையன் நாள் முழுக்கச் சேற்றில் படுத்துக் கிடப்பான். மாதம் பிறந்தால் குடித்தனக்காரர்கள் வரிசையாக வந்து வாடகையைச் சேற்றோரம் வைத்துவிட்டுப் போவார்கள். எண்ணிப் பார்க்கக்கூட அவன் எழுந்திருக்க மாட்டான்.

"ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாம இவனுக்கு எப்படி இவ்வளவு வருது?" என்று நாச்சிமுத்து தினமும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். தனியாக உட்கார்ந்து பொறாமைப்படுவதற்கு ஆமை ஓட்டைப் போல வசதியான இடம் கிடையாது.

அந்தச் சமயத்தில் தோகையப்பன் என்ற மயில் மைதானத்தில் இலவசப் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தினான். தலைப்பு, 'தூங்கிக்கொண்டே சம்பாதிப்பது எப்படி?' மலைப்பாம்பு முதல் வரிசையில் இடம் பிடித்து, முகாம் முடியும்வரை தூங்கி, சான்றிதழும் வாங்கிக்கொண்டு போனது.

தோகையப்பன் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான். "அன்பான முதலீட்டாளர்களே! ஏழை, மரத்தில் பழம் தேடுகிறான். பணக்காரன், மரத்தில் பொந்து தேடுகிறான். பழம் வருஷத்துக்கு ஒரு தடவை. வாடகை மாசாமாசம். அடுத்தவர் பணத்தில் வாங்குங்கள். அடுத்தவர் உழைப்பில் நடத்துங்கள். லாபத்தை மட்டும் உங்கள் கையாலேயே எடுத்துக்கொள்ளுங்கள்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "மாஸ்டர், உங்களுக்கு எத்தனை மரம் இருக்குதுங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கௌதாரி கேட்டது. கேள்விகளுக்கு அடுத்த முகாமில் பதில் சொல்லப்படும், அது கட்டண முகாம் என்று தோகையப்பன் அறிவித்தான். அவன் தினமும் படுப்பது யாருக்கோ சொந்தமான ஒரு கிளையில் என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். அன்றைக்கு அது அவர் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வள்ளாத்தாளிடம் சொன்னார்.

"ஏம்புள்ள, ஒரு மரம் வாங்கலாம்னு இருக்கறேன்."

"மரமா? ஏறத் தெரியுமா உங்களுக்கு?"

"ஏறுறதுக்கு இல்ல. வாடகைக்கு விடறதுக்கு."

வள்ளாத்தாள் வாயிலிருந்த பாசியை மென்று முடித்தாள். ஆமைக் குடும்பத்தில் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே பாசி மெல்ல நேரம் இருக்கும்.

"இப்ப நமக்கு என்ன குறைச்சலுங்க?"

"குறைச்சல் இல்ல. கூடுதலும் இல்லையே," என்றார் நாச்சிமுத்து. அந்தப் பதிலில் அவருக்கே ஒரு திருப்தி வந்தது. பேசியது தான்தானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மரம் காட்ட வந்தவன் ஓணான் கோதண்டம். காட்டில் எந்த இடம் கைமாறினாலும் நடுவில் அவன் இருப்பான். ஓடைக்கரையில் நின்ற ஒரு கிழட்டு நாவல் மரத்தை அவன் காட்டினான். நடுவில் வெடித்து, பாதிக் கிளை காய்ந்து, பொந்து பொந்தாக இருந்தது. எல்லாப் பொந்திலும் ஆள் இருந்தது.

"குடித்தனக்காரங்க ஒழுங்கா வாடகை குடுத்துருவாங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டார். கோதண்டம் தலையை ஆட்டினான்.

"வெலை நியாயந்தானா?" ஆட்டினான்.

"பின்னாடி வில்லங்கம் ஒண்ணும் வராதே?" அதற்கும் ஆட்டினான்.

ஓணான் எதற்கும் தலையை ஆட்டும் என்பது கண் திறக்காத குட்டிகளுக்குக்கூடத் தெரியும். நாச்சிமுத்துவுக்கும் தெரியும். ஆனால் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்குத் தலையாட்ட ஒரு ஆள் தேவைப்படுகிறது. கோதண்டத்தின் பிழைப்பு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பணத்துக்கு எறும்புகள் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனார். அங்கே கடன் கேட்பவர்களும் வரிசையில் நின்றார்கள், கடன் கொடுப்பவர்களும் வரிசையில் நின்றார்கள். எந்த வரிசை எது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று. ஆனாலும் ஆமையைப் பார்த்ததும் சங்கத்துக்கு ஒரே மகிழ்ச்சி. ஈசலுக்கு அவர்கள் விண்ணப்பம்கூடத் தருவதில்லை. சாயங்காலத் தவணைக்கு ஆள் இருக்காது. ஆமை என்றால் தலைமுறை தலைமுறையாக வட்டி வரும்.

"ஜாமீனுக்கு என்னங்க இருக்குது?" என்று மேலாளர் எறும்பு கேட்டது.

"முதுகுல வீடு இருக்குதுங்க."

"அதை ஜப்தி பண்ணினா நீங்களும் சேர்ந்து வருவீங்க. உங்களை வெச்சு நாங்க என்ன பண்றது? வேற சொல்லுங்க."

நாச்சிமுத்து கொஞ்சம் தயங்கினார். "ஒரு குட்டை இருக்குது."

எறும்புக்குத் தண்ணீர் ஆகாது. ஆனால் ஜாமீன் என்றால் சமுத்திரத்தையே எழுதி வாங்கிக்கொள்ளும். விண்ணப்பத்தில் இருந்த சிறிய எழுத்துகளை நாச்சிமுத்துவால் படிக்க முடியவில்லை. அவை எறும்பின் அளவுக்கு எழுதப்பட்டிருந்தன. காலைப் பதித்துக் கொடுத்துவிட்டு வந்தார். குட்டையை எழுதிக் கொடுத்த விஷயத்தை வள்ளாத்தாளிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் வரவே இல்லை.

மரம் கைக்கு வந்த முதல் நாள், புது வீட்டுக்காரர் என்ற பெருமையோடு குடித்தனக்காரர்களைப் பார்க்கப் போனார். வேர்ப்பக்கம் போய் நின்றதுதான் தாமதம், எல்லாப் பொந்திலிருந்தும் ஒரே அலறல்.

"அங்கியே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

ஆமை வந்து நின்ற வீட்டில் குடும்பம் விளங்காது என்று அந்தக் காட்டில் ஒரு நம்பிக்கை. படி இல்லாத மரத்தில் அவரால் எப்படி ஏற முடியும் என்று யாரும் யோசிக்கவில்லை. மைனாக்கள் வாசலில் வேப்பிலை செருகிவிட்டன. தன் வீட்டு வாசலில் தானே நிற்க முடியாத வீட்டுக்காரர் ஆகிவிட்டார் நாச்சிமுத்து.

வேறு வழியில்லாமல் கோதண்டத்தையே வசூலுக்கும் நிர்வாகத்துக்கும் வைத்துக்கொண்டார். "வாடகை பாக்கி விடக்கூடாது, கறாரா இரு," என்று அவர் சொன்னால் கோதண்டம் தலையாட்டுவான். மேலே ஏறிப் போனதும், "இந்த மாசம் கொஞ்சம் பொறுத்துக்கணுங்க," என்று அணில்கள் சொன்னால் அதற்கும் தலையாட்டுவான். இரண்டு பக்கமும் அவனைத் தங்கமான மனுஷன் என்று சொன்னார்கள்.

ஒழுங்காக வாடகை கொடுத்தவர் விசாலாட்சி டீச்சர் ஒருவர்தான். அவர் ஒரு ஆந்தை. இராப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தனிக்கட்டை. மாதம் பிறந்த அன்று தானே இறங்கி வந்து, ஒரு கல்லின் மேல் புளியங்கொட்டைகளை வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பேசுவார்.

"தப்பா நெனைக்காதீங்க. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. இருந்தாலும் எதுக்கு வம்பு?"

"பரவாயில்லைங்க டீச்சர். வீட்டுல எதாச்சும் குறை இருக்குதுங்களா?"

"மழை வந்தா மூலையில ஒழுகுது. மத்தபடி நல்ல காத்தோட்டம்."

ஒழுகுகிறது என்ற வார்த்தை நாச்சிமுத்துவின் மனதில் தைத்தது. கொம்பையன் மாதிரி ஏனோதானோ வீட்டுக்காரனாகத் தான் இருக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தார். குடித்தனக்காரர்கள் நன்றாக இருந்தால் வாடகை நன்றாக வரும், மரம் நன்றாக இருந்தால் குடித்தனக்காரர்கள் நன்றாக இருப்பார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஒழுகல் நிற்கும் என்றதும் குடித்தனக்காரர்களும் அலறுவதை நிறுத்திக்கொண்டார்கள். யானைகளிடம் சாணம் வாங்கி வேரைச் சுற்றிப் போட்டார். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டினார். ஆமை வெட்டிய வாய்க்கால் என்பதால் மரத்துக்குத் தண்ணீர் வந்து சேரவே ஒரு கோடை முழுக்க ஆயிற்று. வெடிப்புகளில் களிமண் வைத்து அடைத்தார். மரத்தைச் சுற்றிக் கறையான் வராமல் தினமும் ஒரு நடை போட்டார். வள்ளாத்தாள்கூட ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நூறு வருஷத்துல மொதத் தடவையா ஒரு வேலை பார்க்கறீங்க," என்றாள்.

மரம் பிழைத்துக்கொண்டது. காய்ந்து நின்ற கிளையில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டது. அடுத்த மழைக்கு மேலெல்லாம் பச்சை. நாச்சிமுத்து காலையில் போனால் அதன் நிழலிலேயே மதியம்வரை இருந்துவிடுவார். பட்டையில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். குளிர்ச்சியாக இருக்கும். வாடகை வரவு ஒரு பக்கம் இருக்கட்டும், இப்படி ஒன்று தன் கையால் துளிர்த்ததே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நாட்களில் அவர் கொம்பையன் பக்கம் கழுத்தை நீட்டவே இல்லை.

மூன்றாவது மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம், மரத்தடியில் ஒரே கூட்டம். விசாலாட்சி டீச்சர் வேலைக்குக் கிளம்பும்போது பொந்து வாசலில் இடுப்போடு மாட்டிக்கொண்டிருந்தார். தலையும் தோளும் வெளியே, மீதி உள்ளே. மைனாக்கள் மேலே நின்று இழுத்தன. அணில்கள் பக்கத்துப் பொந்து வழியாக உள்ளே புகுந்து தள்ளின.

"டீச்சர், உடம்பு போட்டுட்டீங்களாட்ட இருக்குது," என்றார் நாச்சிமுத்து கீழேயிருந்து, மரியாதையாக.

"நான் போடலைங்க. உங்க மரம் போட்டிருக்குது!" என்று டீச்சர் கத்தினார். "வாசலைச் சுத்திப் பாருங்க. பட்டை வளர்ந்து மூடிட்டே வருது. மொதல்ல ரெண்டு றெக்கையையும் விரிச்சுட்டு வருவேன். அப்புறம் மடக்கிட்டு வந்தேன். இப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சாலும் முடியலை."

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. காயம் பட்ட மரம் தேறினால் காயத்தை மூடிக்கொள்ளும். அவர் வாடகைக்கு விட்டிருந்ததெல்லாம் அந்தக் காயங்களைத்தான்.

டீச்சரை ஒருவழியாக வெளியே உருவி எடுத்தார்கள். இறகில் பாதி உள்ளேயே நின்றுவிட்டது. இறங்கி வந்து, அந்த மாதத்து வாடகையைக் கல்லின் மேல் வைத்தார்.

"நீங்க நல்லவருங்க. எனக்கு வாய்ச்ச வீட்டுக்காரங்கள்ல உங்களை மாதிரி ஒருத்தர் இல்லை. ஆனா வீடு என்னைத் துப்புதுங்க. நான் வேற எடம் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட இடம் கொம்பையனின் பட்ட வேங்கை. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் அங்கேதான் போனார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரு இருவாச்சிப் பறவைக் குடும்பம்தான். ஆண் இருவாச்சி, முட்டையிடும் காலத்தில் மனைவியை உள்ளே வைத்து வாசலை மண்ணால் பூசிவிடும். தன் வேலையை மரமே செய்கிறது என்று அது சந்தோஷப்பட்டது. ஆனால் அதன் வாடகை வட்டிக்குக்கூடக் காணவில்லை.

நாச்சிமுத்து மரங்கொத்தி மேஸ்திரி ரங்கப்பனைக் கூட்டி வந்தார். ரங்கப்பன் தண்டை நாலு இடத்தில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பச்சை மரமுங்க. கொத்தினா சாறு வடியுது. நான் ஒரு ரூம் போட்டு முடிக்கறதுக்குள்ள இது பழைய ரூமை மூடிரும். பட்ட மரம்னா சொல்லுங்க, மாடி மாடியா எடுத்துத் தரேன்."

கட்டண முகாமுக்குப் போய்க் கேட்டார். "நேர்மறையாகச் சிந்தியுங்கள்," என்று தோகையப்பன் சொன்னான். கட்டணம் அதற்குத்தான். மரத்தை விற்றுவிடலாம் என்று கோதண்டத்திடம் சொன்னார். வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "அருமையான மரமுங்க, இப்படி ஒரு பச்சையை நாங்க பார்த்ததே இல்லை," என்று புகழ்ந்துவிட்டு, "ஆமா, எத்தனை பொந்து?" என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் இன்னொரு தடவை புகழ்ந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஓடையைக் கடந்து கொம்பையனிடமே போனார். அவன் சேற்றில் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"வாங்கண்ணா. என்ன, முகமே சுருங்கிக் கெடக்குது?"

"நீ எப்படிப்பா பராமரிக்கறே? அதைச் சொல்லு."

"பராமரிப்பா?" கொம்பையன் சிரித்த சிரிப்பில் சேறு தெறித்தது. "எங்கப்பன் காலத்துல இந்த வேங்கை நல்லா பச்சையாத்தான் இருந்துச்சுங்கண்ணா. பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. நான் தெனமும் முதுகு அரிக்குதுன்னு இதுல உரசி உரசி, சுத்திப் பட்டை போயிருச்சு. மரம் பட்டுப்போச்சு. அழுதுட்டு இருந்தேன். அடுத்த மாசமே ஒரு மரங்கொத்தி வந்து ரூம் போட எடம் கேட்டுச்சு. அப்புறம் நான் அழுகலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்க மரம் உசுரோட இருக்குதுங்கண்ணா. உசுரோட இருக்கறதுக்குத் தண்ணி வேணும், சாணம் வேணும், அது பாட்டுக்கு வளரும், மூடும், பூக்கும். அது தன் பொழைப்பைப் பார்க்கும். உங்க பொழைப்பை எப்படிப் பார்க்கும்?"

திரும்பி வந்தபோது குட்டைக்கரையில் எறும்புகள் வரிசை கட்டி நின்றன. கடன் கொடுத்த மேலாளர் எப்போதோ காலமாகி, அதன் பேரன் பொறுப்புக்கு வந்திருந்தது. தாத்தாவை விடக் கறார். தவணை தவறிவிட்டது, இன்னும் இரண்டு மழைக்காலத்துக்குள் கட்டாவிட்டால் குட்டையை எடுத்துக்கொள்வோம் என்று எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டியது. வள்ளாத்தாள் தண்ணீரில் கழுத்தளவு நின்று முழுவதையும் கேட்டாள்.

எறும்புகள் போன பிறகு, "குட்டையையா எழுதிக் குடுத்தீங்க?" என்றாள்.

"மீட்டுருவேன் புள்ள."

"எப்படி?"

அவர் சொன்னார். வள்ளாத்தாள் நீண்ட நேரம் பாசி எதுவும் மெல்லவில்லை.

"நீங்க தண்ணி ஊத்தி வளர்த்த மரமுங்க அது."

"அதான் தப்பாப் போச்சு."

"வேண்டாங்க. குட்டை போனா போகட்டும். மழைக்காலத்துல எங்கியாச்சும் தண்ணி நிக்கும், அங்க போயிக்கலாம்."

"நூறு வருஷமா இருந்த எடத்தை விட்டுட்டா?" என்றார் நாச்சிமுத்து. அவள் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். அது சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மரத்தடியில் ஒரு பலகை வைத்தார். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' பிறகு தண்டைச் சுற்றிப் பட்டையைக் கடித்து எடுக்க ஆரம்பித்தார். ஆமையின் வாய்க்கு எட்டும் உயரம்தான், ஆனால் மரத்தைக் கொல்ல அந்த உயரம் போதும். முதல் கடியில் வாயெல்லாம் துவர்த்தது. இரண்டு கடிக்கு ஒருமுறை நிறுத்தி ஓய்வெடுத்தார். களைப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். முன்பு கன்னம் வைத்த இடம் வந்தபோது மட்டும் அதைத் தாண்டிப் போய் அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினார். கடைசியில் அந்த இடம் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்தார்.

மரம் உடனே சாகவில்லை. அந்தப் பருவத்தில் இலை தெரியாமல் பூத்தது. பிறகு, அதுவரை காட்டில் யாரும் பார்த்திராத அளவுக்குக் காய்த்தது. சாகப்போகும் மரம் இருக்கும் பலத்தையெல்லாம் விதையில் போட்டுவிடும். இது தெரியாத காடு முழுக்கத் திரண்டு வந்து பழம் தின்றது. நரிக்கும் நாக்கு ஊதா, கரடிக்கும் நாக்கு ஊதா.

"எல்லாம் உங்க பராமரிப்புங்க!" என்று எல்லோரும் நாச்சிமுத்துவிடம் வந்து சொன்னார்கள். "பலகை வெச்சப்பவே நெனைச்சோம்."

வள்ளாத்தாள் வாய் நிறையப் பழத்தோடு அவரைத் தேடி வந்தாள். "மனசு மாறிட்டீங்கல்ல? எனக்குத் தெரியும்," என்றாள். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். ஒரு பழத்தை அவர் முன்னால் உருட்டிவிட்டாள். அவர் பல் கூசுகிறது என்றார். ஆமைக்குப் பல் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அவள் குனிந்து தண்டின் அடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயில் இருந்ததைத் துப்பினாள்.

கோடையில் இலை உதிர்ந்தது. மழை வந்தும் துளிர்க்கவில்லை.

ரங்கப்பன் மேஸ்திரி ஆட்களோடு வந்து இறங்கினார். அந்த வருஷமே தண்டு முழுக்க அறைகள். முதல் ஆளாக விசாலாட்சி டீச்சர் வந்தார். கொம்பையன் திடீரென்று வாடகையை ஏற்றிவிட்டானாம். டீச்சர் வாசலில் றெக்கையை விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"தாராளமா இருக்குதுங்க. ஒழுகவும் இல்லை." இறங்கி வந்தார். "எப்படிச் செத்துச்சு?"

"வயசாயிருச்சுங்க டீச்சர்," என்றார் நாச்சிமுத்து.

டீச்சர் பெரிய கண்களால் அவரைப் பார்த்தார். ஆந்தைக்குப் பகலில் கண் சரியாகத் தெரியாது என்று நாச்சிமுத்து தன்னைத் தேற்றிக்கொண்டார். டீச்சர் அட்வான்ஸைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மேலே ஏறிப்போனார். வாடகை பழையதைப் போல இரண்டு மடங்கு. அவருக்கும் தங்க ஓர் இடம் வேண்டுமே.

தவணை அடைந்தது. குட்டை மீண்டது. எறும்புச் சங்கம் அவருக்குச் 'சிறந்த கடனாளி' என்று மாலை போட்டது. தோகையப்பன் தன் மேடையில் அவரை ஏற்றினான். முதல் வரிசையில் மலைப்பாம்பு இந்த முறை விழித்திருந்தது. நாச்சிமுத்துவுக்குப் பேச்சு வராது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பணம் வந்தவர்களுக்குப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது.

"நானும் உங்களை மாதிரிதான் மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன்," என்று தொடங்கினார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து மரம் வைத்திருந்த எல்லோரும் பட்டை உரித்தார்கள். மரம் இல்லாதவர்கள் கடன் வாங்கி மரம் வாங்கி உரித்தார்கள். சங்கம் பட்டை உரிப்புக்கென்றே குறைந்த வட்டியில் தனிக் கடன் திட்டம் அறிவித்தது. ரங்கப்பன் மேஸ்திரிக்கு மூக்கு மழுங்கிப்போகும் அளவுக்கு வேலை. சில வருஷத்தில் காட்டில் வீடில்லாத ஜீவன் ஒன்றுகூட இல்லை. காடுதான் இல்லை.

பழம் தின்ன மூன்று மலை தாண்டிப் பறக்க வேண்டியிருந்தது. பறந்துவிட்டு வந்து வாடகை கொடுத்தார்கள். நிழலில்லாமல் ஓடை சுருங்கியது, பிறகு நூலானது, பிறகு தடம் மட்டும் இருந்தது. நாச்சிமுத்துவின் குட்டையும் வெயிலில் வற்றி, அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்தது.

ஒரு காலையில் வள்ளாத்தாள் கரையேறி நின்றாள்.

"மேற்கால மலைக்கு அந்தப் பக்கம் தண்ணி இருக்குதாம். போலாம் வாங்க."

"இப்பவா? மாசம் பிறக்குது புள்ள, வசூல் இருக்குது."

"வசூல் பண்ணி எதைக் குடிப்பீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கோதண்டம் வந்துவிட்டான். கையில் ஒரு கயிறு இருந்தது. வற்றிய குட்டையை அளந்து மனை பிரிக்க வேண்டும், 'குட்டை வியூ கார்டன்' என்று பெயர்கூட வைத்தாயிற்று, இப்போதே நாலு பேர் கேட்கிறார்கள் என்றான். நாச்சிமுத்து கயிற்றின் ஒரு நுனியைக் கவ்விக்கொண்டார்.

வள்ளாத்தாள் கிளம்பினாள். ஆமை கோபித்துக்கொண்டு போவதற்கு நேரம் பிடிக்கும். முதல் மனை அளந்தபோது அவள் கரையிலேயே இருந்தாள். மதியம் மூலை மனைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது பட்ட நாவலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம்வரை கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு தடவை நின்றாள்கூட. நாச்சிமுத்துவின் வாயில் கயிறு இருந்தது.

இருட்டுவதற்குள் எல்லா மனையும் விற்றுத் தீர்ந்தது.

நீதி: உயிரோடு இருப்பதெல்லாம் செலவு, செத்தால்தான் சொத்து. ஆகவே முதலீட்டாளர்களே, எதை வாங்கினாலும் வாங்குங்கள், தவறியும் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.